தேடலுக்கு லைப்ரரியா, நேரடிக் கோரிக்கையா?

அல்கோலியா என்பது செயலிகளுக்குத் தேடல் வசதி தரும் ஒரு இணையச் சேவை. அதன் தேடலைச் செயலியில் சேர்க்க அவர்கள் தரும் கிளையண்ட் லைப்ரரியை (சேவையை அழைக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) நிறுவலாம். அல்லது அவர்கள் சர்வருக்கு இணையம் வழியே போகும் ஹெச்டிடிபி கோரிக்கைகளை நாமே எழுதிக்கொள்ளலாம். நான் முதலில் இரண்டாவது வழியில்தான் போனேன். கோரிக்கையோடு போகும் இரண்டு ஹெடர்கள் (அடையாளக் குறிப்புகள்), ஒரு ஜேசன் (தரவை எழுதும் உரை வடிவம்). முப்பது வரிகளில் தேடல் ஓடியது. இதற்கு எதற்கு ஒரு லைப்ரரி என்று கொஞ்சம் கர்வமும் வந்தது.

வேகம், எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்வது, வரிசைப்படுத்துவது எல்லாம் சர்வரில் நடப்பவை. அவற்றில் இரண்டு வழிக்கும் வேறுபாடில்லை.

கோரிக்கை தோற்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. என் நிரலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. எங்கள் பக்க டிஎன்எஸ் (தளப் பெயரைச் சர்வரின் எண் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) ஒரு நாள் அந்தப் பெயருக்குப் பதில் தரவில்லை. தேடல் பெட்டி வெறுமனே நின்றது. லைப்ரரியோ முதல் முகவரி கைவிட்டால் அடுத்தடுத்து மூன்று மாற்று முகவரிகளை முயல்கிறது. அந்த மூன்றும் வேறொரு டொமைனில் இருப்பதால், ஒரு பெயர் தவறினாலும் மற்றது நிற்கும். 500 வரிசைப் பிழை, அதாவது சர்வர் பக்கத் தவறு என்றால் அடுத்த சர்வருக்குப் போகும். 400 வரிசை என்றால் தவறு நம்முடையது என்று உடனே நிறுத்திவிடும். நான் எழுதிய மறுமுயற்சியில் இந்தப் பாகுபாடு இல்லை. தவறான சாவியை (சேவையை அணுகத் தரும் அனுமதிக் குறியீடு) விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது!

அடுத்த சிக்கல், காத்திருத்தல். பதிவை அனுப்பியதும் ஒரு பணி எண் கிடைக்கும்; அந்தப் பதிவு தேடலில் தெரியச் சற்று நேரமாகும். என் சோதனைகள் தோற்றன, நான் நிரலில் இரண்டு வினாடித் தூக்கத்தை, அதாவது வெறும் காத்திருப்பைச் செருகினேன். லைப்ரரியில் அந்தப் பணி முடியும்வரை காத்திருக்கத் தனி அழைப்பே இருக்கிறது. அதையும் கையால் எழுத உட்கார்ந்தபோதுதான், லைப்ரரியையே அரைகுறையாகத் திரும்பக் கட்டுகிறேன் என்பது உறைத்தது. மாறிவிட்டேன்.

லைப்ரரியிலும் தொல்லை உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் ஐந்தாம் பதிப்பில் இண்டெக்ஸை (தேடப்படும் பதிவுகளின் தொகுப்பு) தொடங்கிவைக்கும் பழைய அழைப்பே போய்விட்டது; ஒவ்வொரு அழைப்பிலும் இண்டெக்ஸ் பெயரைத் தர வேண்டும். தேடலை ஒரே கோப்புக்குள் ஒதுக்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். கைபேசிச் செயலிகளில் எனக்கு அனுபவம் இல்லை. நான் சொல்வது வலைச் செயலிக்கும் சர்வருக்கும் மட்டும்.

பழைய முப்பது வரிகளை இன்னும் அழிக்கவில்லை. தினமும் ஒருமுறை இண்டெக்ஸில் எத்தனை பதிவுகள் என்று எண்ணிக் குறித்துவைக்கும் வேலைக்கு அவை தாராளம். அது ஒரு நாள் தவறினால் யாருக்கும் நட்டமில்லை.