20 அடி என்று போட்டிருக்கும்: மாங்காய் பறிக்கும் கம்போடு ஆறு சீசன்

எங்கள் வீடு ராஜபாளையத்தில். கொல்லையில் மாமனார் வைத்த சப்பட்டை ரக மாமரம், மொட்டை மாடியைத் தாண்டி இன்னும் ஒரு மாடி உயரத்துக்கு நிற்கிறது. கீழ்க்கிளையில் காய்ப்பது தெருப் பிள்ளைகளுக்கும் அணிலுக்கும் போய்விடும். நமக்கு உச்சியில் இருப்பதுதான். 2019 வரை மரமேறுகிற ஒருவர் வந்து பறித்துத் தந்தார். அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் எடுத்தது மாமனார் காலத்து மூங்கில் தொரட்டி. முருங்கைக்கும், ஆட்டுக்குக் குழை அறுக்கவும் அதைவிடச் சிறந்தது கிடையாது. மாங்காய்க்குத்தான் ஆகாது. அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் பழைய சேலையை நாலு முனையிலும் பிடித்துக்கொண்டு “இங்கிட்டு, இங்கிட்டு” என்று கொல்லை முழுக்க ஓடுவார்கள். பத்தில் ஆறேழு சேலையில் விழும், மீதி தரையில். தரையில் விழுந்ததும் அன்றைக்கு நல்ல காய் மாதிரியேதான் இருக்கும். வைக்கோலில் வைத்து ஐந்தாம் நாள் எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் விரல் உள்ளே போகும்.

2020ல் அலுமினியக் கம்பு வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று குழாய், நுனியில் பல் வைத்த வளையம், அதில் ஒரு துணிப்பை. விலை 1,450 ரூபாய். முதல் வருடம் காய் பைக்குள் ‘தொப்’பென்று விழும் சத்தத்துக்கே கொடுத்த காசு தகும் என்று நினைத்தேன்.

ஆனால் கம்பில் போட்டிருக்கும் 20 அடி என்பது தரையில் படுக்கப் போட்டு அளந்த கணக்கு. 14 அடிக்கு மேல் நீட்டினால் நுனி தூண்டில் மாதிரி ஆடும். நேராகத் தூக்கிப் பிடித்திருந்தால் பாரம் தெரியாது. கொஞ்சம் சாய்த்தால் போதும், பையில் கிடக்கும் ஒரே ஒரு காய் தண்ணீர்க் குடம் மாதிரி தோளை இழுக்கும். அதனால் காய்க்கு நேர் கீழே போய் நிற்கப் பழகினேன். அப்புறம் முசுறு எறும்பெல்லாம் நேராக என் கழுத்துக்குள் விழ ஆரம்பித்தது, அது வேறு கதை.

மூன்றாவது சீசனில் திருகுப் பூட்டு வழுக்க ஆரம்பித்தது. எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. ஒருநாள் மேல் குழாய் சரேலென்று இறங்கி, கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதையைக் கவ்விவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே புழுதி. சீசன் முடிந்ததும் துடைத்துக் காய வைத்திருக்க வேண்டும், நான்தான் செய்யவில்லை. பை அதற்கு முன்பே, இரண்டாம் வருடமே, பால் ஊறி மொடமொடத்துக் கிழிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல் வைத்த வளையம் காம்பை அறுக்காது, பிடுங்கும். காம்பு அடியோடு பிய்ந்தால் பால் பீச்சி அடிக்கும். அது வழிந்த தடம் கறுத்து, பழுத்த பிறகும் சூடு போட்ட மாதிரி நிற்கும். கையில் பட்டால் சிலருக்குப் புண்ணே ஆகிவிடும். மாமரமும் முந்திரியும், தோலைப் புண்ணாக்கும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம் அல்லவா? “காம்போட அறு தாயி” என்று அத்தை கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். பிடுங்குகிற கருவியை வைத்துக்கொண்டு எப்படி அறுப்பது?

மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் அல்போன்சா மாங்காய் பறிக்கிறவர்கள் ‘ஜேலா’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மூங்கில், வளையம், வலைப்பை, அவ்வளவுதான். அங்கே தாபோலியில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் அதையே கத்தி வைத்துத் திருத்தி ‘நூதன் ஜேலா’ என்று கொண்டுவந்தது. படத்தைப் பார்த்து வெல்டிங் பட்டறையில் ஒரு வளையம் செய்து, அதன் வாயில் ‘வி’ வடிவத்தில் ஒரு பிளேடு பொருத்தச் சொன்னேன். பைக்கு நைலான் மீன்வலை. 350 ரூபாய் ஆனது. காய்ந்த மூங்கிலில் கட்டியதும் வித்தியாசம் தெரிந்தது. காயை வளையத்துக்குள் விட்டு, காம்பைப் பிளேடில் சொருகி ஒரு இழுப்பு. மூன்று அங்குலக் காம்போடு காய் வந்துவிடும், பால் சிந்தாது. வலையாக இருப்பதால் உள்ளே எத்தனை கிடக்கிறது என்பதும் கீழிருந்தே தெரியும். இரண்டு காய்க்கு மேல் சேர விடாதீர்கள், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடிபடும். பறித்த பிறகு காம்பை ஒட்ட நறுக்கி, சாக்கின் மேல் ஒரு மணி நேரம் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். அப்புறம் வாளித் தண்ணீரில் போடுவேன். மூழ்கினால் முற்றல், மிதந்தால் ஊறுகாய்க்கு.

கிழக்குப் பக்கம் மட்டும் நான் பறிப்பதில்லை. அங்கே மின்கம்பி போகிறது. அலுமினியக் கம்பை அந்தப் பக்கம் நீட்டுவது தற்கொலைக்குச் சமம். மூங்கில்தானே என்றும் நினைக்க வேண்டாம், ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும். அந்தக் காயெல்லாம் கிளிக்கு.

உண்மையில் அதிகம் உதவியது கம்பே இல்லை, ரம்பம்தான். 2023ல் காய் முடிந்த கையோடு நடுக்கிளையில் இரண்டை இறக்கி, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசினோம். அடுத்த வருடம் காய் பாதிதான், அத்தை ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கடுத்த வருடம் பக்கக் கிளைகளில் நன்றாகக் காய்த்தது. முக்கால்வாசியை மொட்டை மாடியில் நின்றே எட்டிப் பறித்தேன்.

அலுமினியக் கம்பு இப்போது ஒட்டடை அடிக்க. இதற்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே முழுக்க நீட்டி, பையில் அரைக் கிலோ எடைக்கல்லைப் போட்டு, சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.