ஏழு வருடத் தையல் மெஷினும் ஒரு பாபினும்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், உன்கிட்ட இருக்கிற தையல் மெஷின் மாதிரியே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எப்படி ஓடுது?"

கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் திரைச்சீலை ஒன்றின் நீளவாட்டு ஓரத்தை ஒரே மூச்சில் அடித்து முடித்துத் துணியைத் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தையலே இல்லை. வரிசையாக ஊசி ஓட்டைகள், மேல்நூல் மட்டும் துணிமேல் சும்மா படுத்திருக்கிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. கீழ்நூல் சுற்றியிருக்கிற குட்டி உருளையான பாபின் எப்போதோ காலி. மெஷின் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்காதே" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். அது கோபத்தில் போட்டது. ஏழு வருடம் உழைத்த மெஷினுக்கு அது போதாது என்பதால் மீதியையும் சொல்கிறேன்.

இது மேஜைமேல் வைக்கிற சாதாரண மின்சார ஜிக்ஜாக் மெஷின். பாபினைக் கேஸ் என்கிற இரும்பு டப்பிக்குள் வைத்து முன்பக்கமாகப் போடுகிற வகை. எத்தனை வகைத் தையல் போடும் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். வாங்கிய அன்று ஒரு துண்டுத் துணியில் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்ததோடு சரி. நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா தவிர வேறு எதையும் அதற்கப்புறம் தொட்டதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜீன்ஸ் அடி மடிப்பை இது தைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத் தையல் வந்து சேரும் இடத்தில் துணி மேடு தட்டும் இல்லையா, அங்கே துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். அடியில் இருந்து துணியைத் தள்ளுகிற பற்கள் எவ்வளவு தள்ளினாலும் துணி நகராது, ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும். அதற்கு ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் அதே கனத்துக்கு ஒரு துணியை மடித்துச் செருகினால் ஃபுட் மட்டமாகிவிடும். தடித்த ஊசி (100/16), தையல் நீளம் 3, அந்த மேட்டில் மட்டும் பெடலை விட்டுவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இப்படி எத்தனை பேன்ட் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஊசி உடைந்தது இரண்டே முறை, இரண்டும் என் அவசரத்தால்.

காஜா இன்னும் ஆச்சரியம். நாலு கட்டமாகப் போடுகிற பழைய முறைதான். ஒரு பக்கம், முனை, மறுபக்கம், முனை என்று ஒவ்வொன்றுக்கும் திருகை நாமே திருப்ப வேண்டும். பட்டனை வைத்தால் அளவைத் தானே எடுத்துக்கொள்கிற வசதியெல்லாம் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வரிசையும் ஒட்டாமல், விலகாமல், நடுவில் கத்தி போக மட்டும் இடம் விட்டு இறங்கும்போது பார்க்கவே சுகமாக இருக்கும். காஜா போட வேண்டும் என்பதற்காகவே பட்டன் தேவையில்லாத உறைக்குக்கூடப் பட்டன் வைத்திருக்கிறேன்.

ஊசியில் நூல் கோக்கிற குட்டிக் கொக்கி இரண்டாம் வருடமே வளைந்து போனது. கண்ணாடி போட்டுக்கொண்டு கோக்கிறேன், அது பெரிய குறையில்லை. விளக்கு சரி. சத்தம் அதிகம். மேல்நூலைப் பிடித்துக் கீழ்நூலோடு பின்னுகிற ஷட்டில் முழுச் சுற்று சுற்றாமல் பாதி போய்த் திரும்புகிற வகை என்பதால் மேஜையும் சேர்ந்து ஆடும். கீழே ஒரு தடித்த ரப்பர் விரிப்பு போட்டதில் ஓரளவு அடங்கியது.

ஐந்தாம் வருடம் ஒரு ரிப்பேர். தைக்கத் தொடங்கினால் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டியது, குருவிக்கூடு மாதிரி. அடியில் சிக்குவதால் அடிநூல்தான் கோளாறு என்று நானே முடிவு செய்துகொண்டு, பாபின் கேஸில் இருக்கிற குட்டித் திருகை ஒரு மாதம் முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர் பார்க்கிறவர் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார். தடதடவென்று கீழே போய்விட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். திருகைக் கொஞ்சம் இறுக்கி மறுபடி தொங்கவிட்டார். நின்றது. மணிக்கட்டை லேசாகச் சுண்டியதும் கொஞ்சம் இறங்கி நின்றுகொண்டது. "இப்படித்தான் இருக்கணும் தம்பி. இதை யாரு தொடச் சொன்னது? கோளாறு மேலே இருக்கு" என்றார்.

மேலே டென்ஷன் தட்டுகளுக்கு நடுவிலிருந்து சாமணத்தால் ஒரு நூல் துணுக்கை எடுத்துக் காட்டினார். அது இடையில் கிடந்ததால் தட்டுகள் மேல்நூலைச் சரியாகப் பிடிக்கவில்லை. பிடிமானம் இல்லாத நூலை ஷட்டில் கீழே இழுக்க இழுக்க, திரும்ப மேலே இழுத்துக்கொள்ள ஆளில்லாமல் அடியில் குவிந்திருக்கிறது. ஃபுட்டை இறக்கி வைத்தபடி நூல் கோத்தாலும் இதேதான் ஆகும், அப்போது தட்டுகள் மூடியிருப்பதால் நூல் உள்ளே போகாது. கூடவே ஒன்று சொன்னார். நூல் மாற்றும்போது கண்டைப் பிடித்துப் பின்னால் இழுக்கக் கூடாதாம். கண்டுக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டு, ஊசிப்பக்கமாக முன்னால் இழுத்து எடுக்க வேண்டும். அந்தத் துணுக்கு உள்ளே போனதே நான் பின்னால் இழுத்ததால்தான் என்பது அவர் கணிப்பு. அதற்கப்புறம் இன்றுவரை கூடு கட்டவில்லை. ஆக, அது மெஷினின் தவறு இல்லை.

ஆனால் பாபின் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

கீழ்நூல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க இதில் வழியே கிடையாது. பாபின் இரும்புக் கேஸுக்குள், கேஸ் ஷட்டிலுக்குள், ஷட்டில் ஒரு மூடிக்குப் பின்னால், அந்த மூடிக்கு முன்னால் சாமான் வைக்கிற பெட்டி. பார்க்க வேண்டுமென்றால் தைப்பதை நிறுத்து, ஊசியை உச்சிக்குக் கொண்டு வா, பெட்டியை இழுத்து எடு (உள்ளே இருக்கிற ஃபுட்டுகள், ஊசிகள் எல்லாம் கலகலவென்று சரியும்), மூடியைத் திற, விரலைவிட்டுத் தடவி அந்தக் குட்டி நெம்பைப் பிடித்து இழு. அதற்குள் எங்கே தைத்துக்கொண்டிருந்தோம் என்பதே மறந்து போகும்.

திரும்பப் போடுவதும் அதே அழகுதான். நூலை இழுத்தால் பாபின் கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்ற வேண்டும். கேஸில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற முனை மேலே உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல் ஓட்டினால் ஊசி போய் கேஸில் இடிக்கும். அப்புறம் மேல்நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை நம் பக்கமாக ஒரு சுற்று சுற்றினால், கீழ்நூல் ஒரு வளையமாக மேலே எட்டிப் பார்க்கும். ஏழு வருடம் ஆகியும் அந்த வளையத்தைப் பார்க்கும்வரை எனக்கு நம்பிக்கை வராது.

சமாளிக்காமல் இல்லை. பாபின் சுற்றும்போது முதல் சில மீட்டர் நூலுக்கு மார்க்கரால் நிறம் பூசினேன். நிறம் தெரிந்தால் முடியப் போகிறது என்று அர்த்தம். அந்த நிறம் துணியின் அடிப்பக்கத்தில் அல்லவா வரும்? நான் பார்ப்பதோ மேல்பக்கம். காதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். கீழ்நூல் இல்லாமல் ஓடும்போது சத்தம் லேசாக மாறுவது உண்மைதான், ஆனால் இந்த மெஷின் போடுகிற கூச்சலில் அதைப் பிடிக்கத் தனிக் காது வேண்டும். இப்போது பெரிய வேலை என்றால் தொடங்கும் முன்பே மிச்சம் எவ்வளவு இருந்தாலும் எடுத்து வைத்துவிட்டுப் புதுப் பாபின் போடுகிறேன். அரைகுறைப் பாபின்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் இரண்டு முழம், மூன்று முழம் நூல்.

பாபினை மேலிருந்தே போட்டு ஒளி ஊடுருவும் மூடியால் மூடுகிற மெஷின்கள் எப்போதோ வந்துவிட்டன. குனிந்தால் போதும், எவ்வளவு நூல் இருக்கிறதென்று தெரியும். வாங்கும்போது அதையும் பார்த்தேன். இரும்புக் கேஸ்தான் உறுதி, பிளாஸ்டிக் எத்தனை நாள் வரும் என்று பெரிய அனுபவசாலி மாதிரி பேசி இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உறுதி என்பதில் பொய்யில்லை. அந்தக் கேஸில் இன்னும் ஒரு கீறல்கூட இல்லை.

அதனால் நண்பனுக்குச் சொன்னதில் மாற்றமில்லை: வாங்காதே, மேலே பாபின் போடுகிறதை வாங்கு. இதையெல்லாம் சொன்னதும் அவன் கேட்டான்: "சரிடா, அப்ப உன்னோடதை எனக்குக் கொடுத்துட்டு, நீ அந்த மேலே போடுறதை வாங்கிக்கோயேன். எனக்கு ஜீன்ஸ் அடிக்கத்தான் வேணும்."

இன்னும் பதில் போடவில்லை. திரையின் இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறது. மூன்று பாபின் முழுசாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.