மீட்டருக்கு இந்தப் பக்கம் யாரை அழைப்பது?

ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, இரவானால் விழுந்துகொண்டே இருந்தது. தூக்கிவிட்டால் பத்து நிமிடம் நிற்கும்; மறுபடியும் டக். மூன்றாம் நாள் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்தார். பதினைந்து ஆண்டுகளாக எங்கள் தெருவுக்கே வேலை பார்ப்பவர். பெட்டியைத் திறந்தவர், "இது கெட்டுப்போய்விட்டது சார், டைரக்ட் கொடுத்துவிடுகிறேன்" என்று இரண்டு துண்டு வயரை எடுத்து அதைத் தாண்டி இணைத்துவிட்டார். விளக்கு எரிந்தது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். தூங்கியிருக்கக் கூடாது.

ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்பதுதான் அந்தக் கருவியின் ஒரே கவலை. வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் வகை. அவ்வளவு கசிந்தாலே விழுந்துவிடும். பக்கத்தில் இருக்கிற எம்.சி.பி., அளவுக்கு மேல் மின்சாரம் போனால் விழும் சுவிட்ச். அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் அளவு, 30 மில்லி ஆம்பியரைப் போல 200 மடங்கு. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

யாரை எதற்கு அழைப்பது என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். நம் ஊரில் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலில் லைன்மேன். மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு; கம்பத்தில் ஃபியூஸ் போனால், சர்வீஸ் வயர் அறுந்தால் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மீட்டரைத் தாண்டினால் நம் பொறுப்பு. தெரிந்த லைன்மேனையே வீட்டு வேலைக்கும் தனியாகக் கூப்பிடும் வழக்கம் உண்டு. கம்பமும் சர்வீஸ் வயரும் அவருக்கு அத்துப்படிதான். வீட்டு வயரிங் வேறு வேலை. நாளைக்கு ஏதாவது ஆனால் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

இரண்டாவது, செல்போன் செயலியில் பதிவு செய்தால் வருகிறவர். நேரம், விலைப்பட்டியல், பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஃபேன் மாட்ட இதைவிட வசதி இல்லை. ஆனால் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று அவர்கள் போடுவது பெரும்பாலும் அடையாளச் சரிபார்ப்பு. கழுத்தில் தொங்கும் அட்டை வயர்மேன் சான்றிதழ் ஆகாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இந்த முறை வந்தவர் அடுத்த முறை வருவார் என்பதும் நிச்சயமில்லை.

மூன்றாவது, தெருமுனைக்காரர். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தீபாவளிக்கு முந்தின இரவும் வருவார். எந்தச் சுவரில் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. "அனுபவம் இருக்கிறது, பேப்பர்தான் இல்லை" என்பார்கள். அதற்கும் வழி உண்டு. வயரிங் அனுபவம் உள்ளவர்களுக்காகவே வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயதும் ஐந்து ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள்.

நான்காவது, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர். தமிழ்நாட்டில் இந்த உரிமத்தைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். ஈ.ஏ., ஈ.பி. என்று தரம் பிரித்திருக்கிறார்கள். 'ஈ.பி. லைசென்ஸ்' என்றதும் மின்வாரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், நான் நினைத்தேன். ஒற்றை சுவிட்சுக்கு இவர்கள் எளிதில் வர மாட்டார்கள், கூலியும் கூடுதல். வேலை நடந்த இடத்தை எட்டிப் பார்க்காமலே படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் விற்பவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். அதனால் உரிம எண்ணோடு நிறுத்தாமல், வீட்டுக்கு வரப்போகிறவர் யார், அவர் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும், வயரின் மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியைக் கொண்டுவருவாரா என்று மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுகிறேன். மெக்கர் என்றதும் தடுமாறினால் அடுத்த ஆளைப் பார்க்கலாம்.

எந்த வேலைக்கு யார் என்பதற்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே ஒரு கோடு போட்டிருக்கின்றன. விளக்கு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. மற்ற வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஏ.சி. போட்டதும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்று 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போகிறார்களே, பார்வைக்கு அது ஃபியூஸ் மாற்றுவது போலத்தான் இருக்கும். சுவருக்குள் கிடப்பது என்னவோ அதே 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். எம்.சி.பி. விழுவதற்கு முன் வயர் சூடேறும். இது கோட்டுக்கு அந்தப் பக்கம்.

எங்கள் வீட்டுக்கு ஒப்பந்தக்காரர் ஒரு வயர்மேனை அழைத்துக்கொண்டு தானே வந்தார். பெட்டியைத் திறந்து அந்த இரண்டு துண்டு வயரைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். மெயினை அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல்லி, 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து அளந்தார். ஹால் சரி, சமையலறை சரி. மொட்டைமாடி விளக்குக்குப் போகும் சர்க்யூட்டில் முள் ஒரு மெகாஓமுக்கும் கீழே சாய்ந்தது; கசிவு அங்கேதான். மாடியில் கைப்பிடிச் சுவரில் இருந்த ஜங்ஷன் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே அரை டம்ளர் தண்ணீர், அதில் ஊறிக் கறுத்த டேப் சுற்றிய ஜாயின்ட். பக்கத்திலேயே துணி காயப்போடும் இரும்புக் கம்பி.

பெட்டியை மாற்றினார்கள். 'கெட்டுப்போன' அந்த ஆர்.சி.சி.பி.யை மறுபடி இணைத்து, சோதனைப் பொத்தானை அழுத்தினார்கள்; உடனே விழுந்தது. 1,800 ரூபாய். அளவுகளை பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

தெருமுனைக்காரருக்கு விஷயம் தெரிந்து இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஃபேனுக்கு இப்போதும் அவரைத்தான் அழைக்கிறேன். பெட்டிப் பக்கம் மட்டும் அவர் போவதில்லை, நானும் கேட்பதில்லை.