பெயர்களைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: இண்டி இசைத் தேடலில் பல ஆண்டு அனுபவம்

பெரிய நிறுவனங்களைச் சாராமல் வெளிவரும் புதிய இண்டி இசையைக் கண்டுபிடிக்க எந்தச் செயலி நல்லது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பல சேவைகளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு பாட்டு பிடித்துப்போனால் அதற்குப் பின்னால் இருக்கும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போக எந்தச் சேவை வழிவிடுகிறதோ, அதுவே நல்ல சேவை. வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், வெளியிட்ட லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்), நமக்கு முன்பே அதைக் காசு கொடுத்து வாங்கியவர் என்று ஒரு பாட்டைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் கேட்டு மகிழ்ந்த இசையில் பெரும்பகுதி அவர்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

நான் அதிகம் புழங்குவது பாண்ட்கேம்ப். 2008இல் தொடங்கப்பட்ட இசை விற்பனைத் தளம் அது. கலைஞரே தன் பக்கத்தைத் திறந்து, தானே விலை வைத்து விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், இசைத்தட்டு, கேசட், சட்டை போன்ற பொருள்களில் 10 சதவீதமும் தளத்தின் பங்கு. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மிச்சம் பாடியவருக்கு. பல ஆல்பங்களுக்கு விலையை வாங்குபவரே தீர்மானித்துக்கொள்ளலாம். விலை போட்டிருந்தாலும் அதற்கு மேல் கொடுக்க இடம் உண்டு, பலர் கொடுக்கிறார்கள்.

ஆனால் நான் அந்தத் தளத்தை விடாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. ஆல்பத்தின் அட்டைப்படத்துக்குக் கீழே சின்னச் சின்னச் சதுரப் படங்கள் வரிசையாக இருக்கும். அந்த ஆல்பத்தை வாங்கியவர்களின் படங்கள் அவை. சிலர் பக்கத்திலேயே ஒன்றிரண்டு வரி எழுதி, தங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டையும் குறித்து வைத்திருப்பார்கள். ஒரு சதுரத்தைத் தொட்டால் அவர் இதுவரை வாங்கிய இசை முழுவதும் விரியும். ஒரு முறை தனிக் கிதார் ஆல்பம் ஒன்று கிடைத்தது. வீட்டில் பதிவு செய்தது என்பது கேட்டதுமே தெரிந்தது. முதல் சுரம் ஒலிக்கும் முன்பு நாற்காலி கிறீச்சிடுகிறது, கம்பியின் மேல் விரல் வழுக்கும் ஓசையும் அப்படியே இருக்கிறது. கீழே விரல்விட்டு எண்ணக்கூடிய சதுரங்கள்தான். அவர்களில் ஒருவர் அந்த விரல் வழுக்கும் ஓசையைப் பற்றியே ஒரு வரி எழுதியிருந்தார். அவருடைய சேகரிப்பைத் திறந்தேன். நான் வைத்திருக்கும் ஆல்பங்கள் அங்கேயும் நிறைய இருந்தன. மீதி எல்லாம் நான் பெயரே கேள்விப்படாதவை. அதில் ஒன்று கேசட் மட்டும் வெளியிடும் ஒரு சிறிய லேபிளுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த லேபிளின் பட்டியலை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. முகம் தெரியாத ஒருவர் எழுதிய ஒற்றை வரியால் இவ்வளவும் நடந்தது. எந்தக் கணினியும் எனக்கு இப்படி ஒரு வாரத்தைத் தந்ததில்லை.

பெயர்களைத் தேட இன்னொரு நல்ல கருவி டிஸ்காக்ஸ். 2000இல் தொடங்கிய இந்த இசைப்பதிவுத் தரவுத்தளத்தை அதன் பயனர்களே தகவல் சேர்த்து வளர்க்கிறார்கள். டிரம்ஸ் வாசித்தவர், மாஸ்டரிங் (பதிவின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) செய்தவர் என்று யார் பெயரைத் தொட்டாலும் அவர் பணியாற்றிய மற்ற பதிவுகள் வரும். மாஸ்டரிங் செய்தவரின் பெயரைப் பின்தொடர்வதை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். தரமான வேலை செய்பவரிடம் தரமான குழுக்கள் தேடி வருகின்றன. அவருடைய பட்டியல் பல நகரங்களின் இசையை ஒரே இடத்தில் காட்டிவிடும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் இந்தப் பெயர்கள் இரண்டு மூன்று மெனுக்களுக்குள் புதைந்து கிடக்கின்றன, பாதிப் பாட்டுகளுக்கு முழுமையாகவும் இருப்பதில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இசைக்கலைஞர்களே கைகாட்டி மரங்களாக நிற்பதும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் போனோபோ 2013இல் லேட் நைட் டேல்ஸ் என்ற தொகுப்பு ஆல்ப வரிசைக்காகத் தனக்குப் பிடித்த பாட்டுகளைத் தொகுத்தபோது, ஹூஸ்டனைச் சேர்ந்த க்ருவாங்பின் குழுவின் ஒரு பாட்டையும் அதில் சேர்த்தார். அப்போது அந்தக் குழு முதல் முழு ஆல்பத்தைக்கூட வெளியிடவில்லை. எனவே ஒரு கலைஞர் தன் பேட்டியில் நன்றியோடு சொல்லும் பெயர்களை நான் உடனே குறித்துக்கொள்கிறேன். பெரிய லேபிள்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு அமெரிக்கப் பாடகர் வில் டொலிடோவையும் சொல்லலாம். தனிமை வேண்டிக் குடும்பக் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தவர் அவர். அவர் இசை வெளியிடும் கார் சீட் ஹெட்ரெஸ்ட் (கார் இருக்கையின் தலைசாய்ப்பு) என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 2010 முதல் பாண்ட்கேம்பில் ஆல்பத்துக்கு மேல் ஆல்பமாகத் தானே வெளியிட்டுக்கொண்டிருந்தார். மாடடோர் லேபிள் அவரை ஒப்பந்தம் செய்தது 2015இல். அதற்குள் அவருடைய பாட்டுகளை வரிவரியாக அறிந்த ரசிகர்கள் இருந்தார்கள்.

தானியங்கிப் பரிந்துரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவர் வீக்லி என்ற பரிந்துரைப் பட்டியல் 2015இல் வந்தது. திங்கள்தோறும் 30 பாட்டுகள். நாம் கேட்கும் பாட்டுகள் மற்றவர்களின் பிளேலிஸ்ட்டுகளில் எந்தப் பாட்டுகளோடு சேர்ந்து வருகின்றன என்பது அதன் கணக்கில் முக்கியமான பகுதி. அதனால் நமக்குப் பிடித்ததன் நெருங்கிய உறவினர்களை அது அழகாகக் கொண்டுவந்து நிறுத்தும். அப்படி வந்த சில குழுக்கள் இன்றும் எனக்குப் பிரியமானவை. ஆனால் நேற்றுப் பதிவேற்றிய பாட்டு, இன்னும் யார் பட்டியலிலும் இடம்பெறாத பாட்டு, இந்தக் கணக்குக்குள் எளிதில் வராது. இண்டி இசையில் எனக்கு மிகவும் வேண்டியதே அதுதான். கலைஞர் குறைந்த ராயல்டிக்கு (உரிமத் தொகைக்கு) சம்மதித்தால் அவருடைய பாட்டைப் பரிந்துரைகளில் முன்னிறுத்தும் திட்டத்தையும் அந்த நிறுவனம் 2020இல் அறிவித்தது. தவிர, 2024 முதல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. நான் தேடிப் போகும் பலர் அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்கள். அதனால் அங்கே கேட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததைக் கலைஞரின் சொந்தப் பக்கத்தில் வாங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

வானொலியை மறக்கக் கூடாது. வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் 1967 முதல் 2004இல் மறையும்வரை பிபிசி ரேடியோ 1இல் புதிய இசையைத் தேடித் தருவதைத்தான் செய்தார். யாரென்றே தெரியாத குழுக்கள் அனுப்பிய டேப்புகளைப் பொறுமையாகக் கேட்டு, பிடித்ததை ஒலிபரப்பினார். சில சமயம் இசைத்தட்டைத் தவறான வேகத்தில் ஓடவிடுவார், அதையும் கேட்டவர்கள் நேசித்தார்கள். இன்று லண்டனில் 2011இல் பிறந்த என்டிஎஸ் வானொலியும் சியாட்டிலின் கேஇஎக்ஸ்பியும் எனக்கு அந்த இடத்தை நிரப்புகின்றன. என்டிஎஸ்ஸில் பாட்டுப் பட்டியலோடு பழைய நிகழ்ச்சிகளைக் கேட்கலாம். கேஇஎக்ஸ்பியின் நேரடி வாசிப்புக் காணொளிகளில் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தாளத்தைப் பிடிக்கும் கணங்களைக் காணலாம். ஆல்பம் மனத்தில் ஒட்டாத குழுவைக்கூட இந்தக் காணொளிகளுக்குப் பிறகு திரும்பப் போய்க் கேட்டிருக்கிறேன்.

வாங்கியதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். நான் உயிராக நினைத்த ஒரு சிறிய பதிவு ஒரு ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து ஒரு நாள் காணாமல் போனது. பட்டியலில் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றப்பட்ட இசை சர்வர் மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. 5 கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள். அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே இருந்திருக்காது. பாண்ட்கேம்பும் 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் கைக்கும், 2023இல் இசை உரிம நிறுவனமான சாங்டிரேடர் கைக்கும் மாறியது. பிந்தைய மாற்றத்தின்போது ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வேலை இழந்தார்கள். தளம் நன்றாகத்தான் இயங்குகிறது. இருந்தாலும் எஃப்எல்ஏசி (ஒலித்தரம் குறையாத வடிவம்) கோப்புகளை இறக்கி, தனி ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைக்கிறேன்.

இனிப் பகிர்வது. பாட்டைக் கண்டுபிடித்ததில் பாதிச் சந்தோஷம் என்றால், அதைச் சரியான ஆளிடம் சேர்ப்பதில் மீதிச் சந்தோஷம். ஒரே நேரத்தில் பத்து இணைப்புகளை அனுப்பினால் ஒன்றைக்கூட யாரும் திறப்பதில்லை. ஒருவருக்கு ஒரு பாட்டு, அதோடு எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி. “இரண்டாவது சரணத்தில் பாஸ் கிதார் நின்றுவிடும், அது திரும்பி வரும் இடத்துக்காகக் காத்திரு” என்று எழுதினால் அவர் அந்த இடம்வரை கட்டாயம் கேட்பார். கேட்டுவிட்டு அவர் சொல்லும் பதில்தான் அடுத்து எதை அனுப்பலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுக்கிறது. அவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று தெரியாவிட்டால் சாங்லிங்க் போன்ற வசதி கைகொடுக்கும். ஒரே இணைப்பில் பல சேவைகள் இருக்கும். பாண்ட்கேம்ப் இணைப்பு என்றால் கணக்கே வேண்டாம், உலாவியிலேயே ஒலிக்கும்.

பிளேலிஸ்ட் செய்தால் கேசட் காலத்து வரம்பை நானே விதித்துக்கொள்கிறேன். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். அதற்கு மேல் போவதில்லை. எது முதலில், எது எதற்குப் பிறகு என்று யோசிக்கும்போதே பாட்டுகளை இன்னும் கூர்ந்து கேட்கிறோம். மிக நெருங்கியவர்களுக்கு ஆல்பத்தையே வாங்கிப் பரிசாக அனுப்பிவிடுவேன். கோப்பைப் பிரதி எடுத்துக் கொடுப்பதைவிட அது எல்லா வகையிலும் நல்லது.

பாண்ட்கேம்ப் ஃபிரைடே என்று சில வெள்ளிக்கிழமைகளைத் தளம் அறிவிக்கிறது. 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய வழக்கம். அன்று தளம் தன் பங்கை எடுத்துக்கொள்வதில்லை. விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்திருப்பதை அன்றுதான் வாங்குகிறேன். பணம் செலுத்தும்போது கலைஞருக்கு ஒரு குறிப்பு எழுதவும் இடம் இருக்கிறது. யார் சொல்லி இந்தப் பாட்டுக்கு வந்தேன், யாருக்கெல்லாம் அனுப்பினேன் என்று அதில் எழுதிவிடுவேன். சிலர் பதில் எழுதுகிறார்கள். தாங்கள் இப்போது யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு மூன்று பெயர்களையும் சேர்த்தே அனுப்புகிறார்கள்.