புதுப்பேட்டையில் பழைய கார்களுக்கு ஒரு எலக்ட்ரீஷியன் கடை

டைனமோவை எடுத்துவிட்டுப் பின்னாளில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) பொருத்தப்பட்ட என் அம்பாசடரில், இரவில் முகப்பு விளக்கு மங்குவதும் காலையில் பேட்டரி இறங்கிக் கிடப்பதும் வழக்கமாகிவிட்ட நிலையில், வேறொரு பட்டறையில் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொன்னதை ஏற்க மனமின்றி இந்தச் சிறு கடைக்குச் சென்றேன். கடைக்காரப் பெரியவர் முதலில், ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, விளக்குகளையும் எரியவிட்டு மல்டிமீட்டரில் அளந்தபோது ஆல்டர்னேட்டரில் 14.1 வோல்ட் இருந்தது, பேட்டரியிலோ 12.4 தான். "கரண்ட் வருது சார், வீடு போய்ச் சேரலை" என்றார். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் மட்டும் 1.4 வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது. ரப்பர் மவுண்டிங்கின் மேல் அமர்ந்திருக்கும் இன்ஜினைச் சேசிஸுடன் இணைத்து, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழி தரும் எர்த் பட்டை, திருவான்மியூர் உப்புக்காற்றில் பச்சை பூத்து, தொட்டால் இழை இழையாக உதிரும் அளவுக்கு அரித்திருந்தது. புதிய பட்டையைப் போட்டு, போல்ட் அமரும் இடத்தில் பெயிண்ட் போகச் சுரண்டி முறுக்கியதும் பேட்டரியில் 13.9 காட்டியது. வண்டி நிறுத்த இடமில்லாமல் இரண்டு மணி நேரம் தெருவோர வெயிலில் நிற்க வேண்டியிருந்ததும், ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததும் குறைகளே. எனினும், அடுத்த மாதம் வயரிங் முழுவதையும் அவரிடமே ஒப்படைக்கவிருக்கிறேன்.