கஞ்சாச் சாறு எடுக்க எது தேவலை: கார்பன் டை ஆக்சைடா, எத்தனாலா, பியூட்டேனா?

"கரைப்பான் இல்லாதது, கார்பன் டை ஆக்சைடால் எடுத்தது" என்று சில கஞ்சா எண்ணெய்ப் புட்டிகளில் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். முதல் பாதி சரியில்லை. அந்த வேலையில் கார்பன் டை ஆக்சைடுதான் கரைப்பானே.

31 டிகிரி செல்சியஸுக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை என்ற நிலைக்குப் போய்விடும். வாயுபோல இலைக்குள் நுழையும், திரவம்போலக் கரைக்கும். காப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை எடுப்பதற்கும் இதே வித்தை உண்டு. இதன் உண்மையான பலம், அழுத்தத்தைத் திருகித் திருகி வேண்டியதைப் பிரிக்க முடிவதுதான். முதலில் குறைந்த அழுத்தத்தில் மணம் தரும் டெர்பீன்களை எடுத்துத் தனியே வைக்கலாம். அப்புறம் அழுத்தத்தை ஏற்றினால் கஞ்சாவின் மருந்துச்சத்தான கன்னாபினாய்டுகள் வரும். கடைசியில் அழுத்தத்தை இறக்கினால் வாயு தானே பிரிந்துவிடும். பிடித்து மறுபடி பயன்படுத்தலாம்.

ஆனால் அழுத்தம் ஏறும்போது செடியின் மெழுகும் கூடவே கரைந்து வரும். அதை நீக்க, சாற்றை எத்தனாலில் கரைத்து, கடுங்குளிரில் வைத்து வடிகட்டி, பிறகு எத்தனாலை ஆவியாக்குவார்கள். வாசலில் தடுத்த எத்தனால் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான்!

அப்படியானால் நேராக எத்தனாலையே வைத்துக்கொண்டால் என்ன? மூட்டை மூட்டையாகச் செடியைக் கையாள அதுதான் வேகமானது. சாதாரண வெப்பத்தில் பச்சையத்தையும் இழுத்துக்கொண்டு வந்து சாறு கசக்கும். நன்றாகக் குளிர்வித்த எத்தனாலில் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அதை ஆவியாக்கும்போது டெர்பீன்களில் ஒரு பங்கும் போய்விடும்.

மணம்தான் முக்கியம் என்றால் பியூட்டேனை மிஞ்சுவது கடினம். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பதால் அதை விரட்டச் சூடு அதிகம் வேண்டாம். ஆனால் கசிந்த வாயுவில் ஒரு பொறி பட்டால் கட்டடமே போகும். வீட்டில் செய்து பார்த்து வெடித்த சம்பவங்கள் நிறைய.

கார்பன் டை ஆக்சைடு தீப்பிடிக்காது, சரி. ஆனால் மணமில்லாதது, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். உயர் அழுத்தம் தாங்கும் எஃகுக் கலனுக்கு ஆகும் செலவோ தனிக் கதை. மணத்தையும் மருந்துச்சத்தையும் தனித்தனியே கேட்பவருக்கு அந்தச் செலவு தகும். போதை தராத கன்னாபினாய்டான சிபிடியின் எண்ணெய் மட்டும்தான் வேண்டும் என்றால், குளிர்ந்த எத்தனால் போதும் என்பேன்.