பால் போதுமா: பம்பா, தராசா, கனநீரா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், இரண்டாவது வாரமே யாராவது ஓர் ஆயா சொல்லிவிடுவார்: "பால் காணலை போலிருக்கே, கொஞ்சம் கிரைப் வாட்டர் குடு." என் தங்கைக்கும் அதுதான் நடந்தது. பயந்துபோய் பம்ப் வாங்கினாள். அரை மணி நேரம் எடுத்தும் 40 மில்லிதான் வந்தது. அழுதுவிட்டாள்.

பம்ப் காட்டுவது பம்புக்குக் கிடைத்த பாலை மட்டுமே. குழந்தையின் வாய் இழுக்கிற மாதிரி பலருக்கு அந்த மெஷின் இழுப்பதில்லை. பாட்டில் கோட்டைப் பார்த்துப் பால் குறைவு என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

தராசை நம்பலாம். குடிக்கும் முன்னும் பின்னும் அதே துணியோடு, நாப்பி மாற்றாமல் எடை போட வேண்டும். கூடிய கிராம்தான் குடித்த பால். ஆனால் குடிக்கும் அளவு வேளைக்கு வேளை மாறும்; ஒரு வேளை மட்டும் எடை போட்டுப் பயனில்லை. 2006இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகள் நாளுக்குச் சராசரி 788 கிராம் குடித்தார்கள். குறைந்தது 478, அதிகம் 1356. எல்லாரும் ஆரோக்கியமான குழந்தைகள்தான்! அதனால் இரவு பகலாக 24 மணி நேரமும் ஒவ்வொரு வேளையும் எடை போட்டால்தான் கணக்கு சரிவரும். குறைமாதக் குழந்தைக்கு அந்தப் பாடு தகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கனநீர் முறை, அதாவது டியூட்டீரியம் ஆக்சைடு, கனமான வகை ஹைட்ரஜன் உள்ள நீர். கதிரியக்கம் கிடையாது. தாய் 30 கிராம் குடிக்கிறாள். அது அவள் உடல் நீரில் கலந்து, பால் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. இரண்டு வாரத்தில் சில நாள் மட்டும் இருவர் எச்சிலையும் பஞ்சில் எடுக்கிறார்கள். தாயிடம் அளவு குறைவதையும் குழந்தையிடம் ஏறி இறங்குவதையும் வைத்துப் பாலைக் கணக்கிடுகிறார்கள். பாலூட்டலுக்கு இடைஞ்சலே இல்லை. இன்னொன்று, குழந்தைக்கு வேறு நீர் போயிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். "தாய்ப்பால் மட்டும்தான்" என்று வாயால் சொல்வதைவிட இது உறுதி.

எங்கள் ஊருக்கு அது சின்ன விஷயமல்ல. 1999இல் வெளிவந்த டர்பன் ஆய்வில், எச்ஐவி உள்ள தாய்மாரின் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் 14.6 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்துக்குள் தொற்று இருந்தது. தாய்ப்பாலோடு வேறு எதையாவது கலந்து கொடுத்தவர்களிடம் அது 24.1. அந்த ஒரு கரண்டித் தண்ணீர் போனதா இல்லையா என்பதைத் தராசு சொல்லாது.

ஆனால் கனநீருக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், பதில் வர நாளாகும். இன்றைக்கு அழுகிற தாய்க்கு அது உதவாது.

அப்புறம் கிளினிக் சிஸ்டர் தங்கையிடம் மில்லிக் கணக்கே கேட்கவில்லை. நாப்பி எத்தனை நனைகிறது என்று கேட்டார், குழந்தையின் வளர்ச்சியைக் குறித்துவைக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எடைக் கோட்டைப் பார்த்தார். நாளுக்கு ஆறுக்கு மேல் நனைந்தது, பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பியிருந்தது. எடை ஏறாமல் இருந்திருந்தால், அந்த 24 மணி நேரத் தராசுக் கணக்கைக் கேட்டு வாங்கச் சொல்லியிருப்பேன். பம்பை அப்போதும் எடுக்க விட்டிருக்க மாட்டேன்.